காது பொத்தும் வகுப்பு

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் மோட்டார் என் பாட்டைப் பாதியில் முழுங்கிவிட்டது. எங்கள் வகுப்பு நடப்பது பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் மோட்டார். அது ஓட ஆரம்பித்தால் என் நாலு வயசுக் கூட்டம் மொத்தமும் தானாகக் காதைப் பொத்திக்கொள்ளும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தொட்டி நிரம்பும்வரை கையையும் முகத்தையும் வைத்தே யானைக் கதையை ஓட்டுவேன்.

சாயங்காலம் வாயாடியை (வகுப்பில் வாய் ஓயாத குட்டிக்கு நான் வைத்த பெயர்) கூட்டிப் போக அவள் அம்மா வந்தாள். பஸ் கண்டக்டர். "இந்த வகுப்பு இல்லன்னா இவளைப் பழையபடி டிப்போல டயருக்குள்ள உட்கார வெச்சிட்டுத்தான் டீச்சர் நான் வண்டி ஏறணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூரை மோசம், வரும் ஜனவரியிலிருந்து இங்கே குழந்தைகளை வைக்கக் கூடாது என்று மாநகராட்சிக் கட்டடப் பிரிவில் சொல்லிவிட்டார்கள். புது அறை கிடைத்தால் வகுப்பு உண்டு. இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். இத்தனை பெரிய நகரத்துக்கு மழலை வகுப்புக்கென்று ஒதுக்கிய பணம் நாலைந்து அறைக்குத்தான் வருமாம். யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வியாழக்கிழமை அதிகாரி வருகிறார்.

வரட்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும், கூரையே பேசிக்கொள்ளும்.

ஜூன் 4, புதன்

பெரிய டீச்சர் காரியத்தைக் கெடுக்கப் பார்க்கிறார். (தலைமையாசிரியைக்கு நான் வைத்த பெயர். நேரில் மேடம்தான்.) நாளைக்கு மட்டும் என் குழந்தைகளை நூலகத்தில் உட்கார வைக்கணுமாம்!

"வீட்டுக்கு வர்றவங்களை யாராவது கொல்லைப்பக்கமா கூட்டிட்டுப் போவாங்களா? பள்ளிக்கூடத்து மானம் என்ன ஆகுறது?"

"மேடம், அந்த அறையைப் பார்க்கத்தானே வர்றார்?"

"நம்ம லட்சணத்தைப் பார்த்தா இருக்கிறதையும் பிடுங்கிடுவாங்கம்மா. நல்லா நடத்துறவங்களுக்குத்தான் குடுப்பாங்க."

எத்தனையோ ஆய்வுகளை இப்படியே சமாளித்தவர். நானும் வாயை மூடிக்கொண்டு காகிதப் பூ வெட்டினேன். என் புத்தியைச் சொல்லணும்.

ஜூன் 5, வியாழன்

நூலகத்தின் பளபளத்த தரையைப் பார்த்துப் பிள்ளைகள் மிரண்டே போனார்கள். வாயாடிகூட வாயைத் திறக்கவில்லை. அதிகாரி ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கேயோ தூரத்தில் மோட்டார் முனக ஆரம்பித்தது. அவ்வளவுதான், அத்தனை பேரும் டக்கென்று காதைப் பொத்தினார்கள்.

"அட, இது என்ன விளையாட்டு? நல்லா இருக்கே!" அதிகாரிக்கு ஒரே சந்தோஷம்.

பெரிய டீச்சர் முந்திக்கொண்டார். "கவனத்தை வளர்க்கிற பயிற்சி சார்."



ஜூன் 19, வியாழன்

அறை இல்லை. 'தற்போதுள்ள அறை மிகச் சிறப்பாக உள்ளது' என்று பதில் வந்திருக்கிறது. சிறப்பு!

ஜூன் 20, வெள்ளி

பெரிய டீச்சரோட சண்டை போட்டேன். அந்தச் சிறப்பான நூலகத்தையே எங்களுக்குக் குடுங்கன்னு கேட்டேன். அப்ப பெரிய பிள்ளைங்க எங்க உட்கார்ந்து படிக்கும்ங்கிறார். அதுவும் நியாயம்தான். சரி, நீங்க பார்த்தது எங்க அறையே இல்லன்னு போய்ச் சொல்லுங்க மேடம்னேன்.

"பொய் சொன்னேன்னு நானே போய் ஒத்துக்கணுமா? ஓய்வு பெறப்போற நேரத்துல எனக்கு இது தேவையா?"

அவர் கண் கலங்கிடுச்சு. பாவமாத்தான் இருந்துது. ஆனா இவருக்குப் பாவம் பார்த்தா டயருக்குள்ள போய் உட்காரப்போறது யாரு? செவ்வாய்க்கிழமை கல்விக் குழு கூட்டம், யார் வேணும்னாலும் பேசலாமாம். நான் போறேன். சொல்லிட்டேன்.

வீட்டுக்காரர், "உனக்கு எதுக்கு வம்பு?" என்றார். நாலு வயசுக் கூட்டத்தை மேய்க்கிறவளுக்கு இதெல்லாம் ஒரு வம்பா?

ஜூன் 24, செவ்வாய்

கல்விக் குழு கூட்டத்துக்குப் போனேன். கண்டக்டர் வேறொருத்தியிடம் வேலையை மாற்றிக்கொண்டு சீருடையோடே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேசுங்க டீச்சர், விசில் வேணும்னா நான் ஊதுறேன்" என்றாள்.

பின்பக்க அறையைப் பற்றிச் சொன்னேன். அதே அதிகாரி மேடையில். "நான் என் கண்ணால பார்த்தேனேம்மா, அருமையான அறை."

"பிள்ளைங்க காதைப் பொத்தினாங்களே சார், ஞாபகம் இருக்கா? அது விளையாட்டில்ல. மோட்டார் சத்தம் கேட்டாலே பொத்திக்குவாங்க. தினமும் அதுக்குப் பக்கத்துலயே உட்கார்ந்து பழகிடுச்சு."

அவர் நம்பவா வேண்டாமா என்று பார்த்தார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"நீங்க பார்த்தது நூலகம் சார். நான்தான் மாத்தி உட்கார வெச்சேன். இவங்க வேண்டாம்னாங்க."

பெரிய டீச்சர்! எப்போது வந்தார் என்றே தெரியாது. கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். "நடவடிக்கை எடுக்கிறதா இருந்தா என் மேல எடுங்க. ஆனா அந்த அறையை வந்து பாருங்க. சொல்லாம வாங்க."

வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றார். நான் விடவில்லை.

ஜூலை 2, புதன்

அதிகாரி சொல்லாமல் வந்தார், மழையோடு. கூரை ஒழுகி அவர் மூக்குக்கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தார், மோட்டார் ஓட ஆரம்பித்தது. கத்திப் பார்த்தார். கடைசியில் அவரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். வாயாடி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பெரிய டீச்சருக்கு விளக்கம் கேட்டு மெமோ. எங்களுக்கு அறை. இரண்டும் ஒரே தபாலில் வந்தன. "எனக்கு வந்ததை மேசைல வை, உனக்கு வந்ததைச் சத்தமாப் படி" என்றார்.

ஜனவரி 12, திங்கள்

புது அறையில் முதல் நாள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. இடம் இருப்பதால் வாசலில் காத்திருந்த சிலரையும் சேர்த்துக்கொண்டோம். பாட்டின் நடுவில் தூரத்தில் மோட்டார் முனகியது. என் பழைய பிள்ளைகள் அத்தனை பேரும் காதைப் பொத்தினார்கள். நான் பாடுவதை நிறுத்தவில்லை.

புதிதாகச் சேர்ந்த பொடியன் வாயாடியை இடித்தான். "எதுக்குக் காதைப் பொத்துற?"

அவள் யோசித்தாள். கையை இறக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.