நாலு துண்டு கிச்சாப்புக்கு, ஆறு துண்டு எனக்கு

டுரியான் துங்கால்
3 ஜனவரி

அன்பு மகள் ஷாந்தினிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் கிச்சாப்பும் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், அதில் இரண்டு பேர் மரியாதையோடும் இருக்கிறார்கள். டப்ளின் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வீட்டுச் சாமியை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற காலத்தில் அப்பா ஏன் பேனாவைத் தூக்கினார் என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் நாலு தடவை வாயைத் திறந்தேன், உன் முகத்தைப் பார்த்ததும் மழை பெய்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். காகிதம் முறைக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிச்சாப் நன்றாக இருக்கிறான், இதை எழுதும்போது என் காலடியில்தான் வாலைச் சுருட்டிப் படுத்திருக்கிறான், அதனால் பதறாமல் உட்கார்ந்து படி. கிறிஸ்மஸ் அன்று நீ கூப்பிட்டுக் கிச்சாப் எங்கே என்று கேட்டபோது கட்டிலுக்கு அடியில் தூங்குகிறான் என்று சொன்னேனே, அது பொய். அவன் அப்போது ஆயர் குரோவில் நாய் டாக்டரின் கிளினிக்கில் காலில் டிரிப் குத்திப் படுத்திருந்தான். அவனை அங்கே படுக்க வைத்த புண்ணியவான் நான்தான்.

நீ அவனை எங்களிடம் விட்டுப் போகும்போது எழுதிக் கொடுத்த பட்டியலை நான் மதிக்கவில்லை என்று மட்டும் நினைக்காதே. வருடக் கடைசியில் லீவு, விருந்தாளி, வெடி, மழை எல்லாம் சேர்ந்து வரும், அப்போதுதான் நாய்க்கு ஆபத்து என்று நீ எழுதியதைப் படித்து நான் கொஞ்சம் கூடுதலாகவே மதித்துவிட்டேன். போதாததற்குக் கனடாவில் இருக்கிற ஒரு தமிழர் யூடியூபில் பேசியதையும் பார்த்தேன், குளிர்காலத்தில் நாய்க்கு ஸ்வெட்டர் போடுங்கள், ரோட்டில் தூவுகிற உப்பு காலைப் புண்ணாக்கும், வெந்நீரில் கழுவுங்கள் என்றார். பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஒரு குழந்தை ஸ்வெட்டர் வாங்கி அவனுக்கு மாட்டிவிட்டேன், உன் தம்பி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஃபேனுக்கு அடியில் போய் விழுந்தான். ஒரு வாரம் விடாமல் வெந்நீரில் கால் கழுவினேன். உன் அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, டுரியான் துங்கால் ரோட்டில யாரு உப்புக் கொட்டுறாங்க, நீங்களா என்று கேட்டாள். அதற்குப் பிறகு புத்தி வந்து நம்ம ஊர் மழைக்குத் தகுந்த மாதிரி பார்க்க ஆரம்பித்தேன், காட்டுத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் ரோட்டுக்கு வந்த நாட்களில் வெளியே விடவில்லை, எலி மூத்திரக் காய்ச்சல் ஊசியைத் தேதி தவறாமல் போட்டேன், காது ஈரம் துடைத்தேன், பக்கத்துத் தாமான் குடியிருப்பில் வெடி போட்டால் பின்னறையில் அவனை வைத்து ரேடியோவைச் சத்தமாகப் போட்டு நானும் கூட உட்கார்ந்தேன். விருந்தாளி வந்தால் கேட்டைப் பூட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றச் சொன்னேன். இப்படி வாசல் பக்கமெல்லாம் காவல் காத்தவன் சமையலறையில் கோட்டை விட்டேன். உன் பட்டியல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது, டிசம்பரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த முருகன் படம் போட்ட புதுக் காலண்டரை அதே ஆணியில் மாட்டினேன், பட்டியல் பின்னால் போய்விட்டது. முருகன் மறைத்துவிட்டார் என்று அவர் மேல் பழி போட மாட்டேன், மாட்டியது நான்.

எதிர் லோரோங் சந்தில் இருக்கும் ரோகினி டீச்சரை உனக்கே தெரியும், யாழ்ப்பாணத்துக் கைப்பக்குவம், வருடா வருடம் கிறிஸ்மஸுக்கு முதல் நாள் அவர்கள் வீட்டுக் கேக் நம் வீட்டுக்கு வரும். பிளம்ஸும் சுல்தானாவும் முந்திரியும் ஒரு மாதம் பிராந்தியில் ஊறி, துண்டு துண்டாக வெட்டி, பளபளக்கும் தாளில் சுற்றி வரும் அந்தக் கேக்கைப் பார்த்தால் முனிவருக்கும் கை நீளும், நான் முனிவரும் இல்லை. எனக்குச் சுகர் வந்து பதினோரு வருடம், உன் அம்மா இனிப்பை எந்த டப்பாவில் வைத்தாலும் மேலே பருப்பைக் கொட்டி மறைத்து வைக்கிறாள். அன்று மத்தியானம் அவள் தஞ்சோங் கிளிங்கில் உன் சின்னம்மா மலர்க்கொடி வீட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். டீச்சர் தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, பத்துத் துண்டு இருக்கு, எல்லாம் உங்க ராஜம்மாவுக்குத்தான், உங்களுக்கு அரைத் துண்டு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அரைத் துண்டில்தான் ஆரம்பித்தேன். மீதி அரையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் வாயில் வைத்தேன். மூன்றாவது துண்டுக்குத் தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டுக் கிச்சாப் வந்து எதிரே உட்கார்ந்து குரைத்தான். அவன் வாயை அடைக்க ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாலை ஆட்டினான் பார், அதோடு நாங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். திராட்சை நாய்க்கு விஷம் என்று உன் பட்டியலில் நாலாவது இருந்தது, ஒரு காலத்தில் படித்தும் இருக்கிறேன், ஆனால் பிளம்ஸ், சுல்தானா என்று பேர் மாறிக் கேக்குக்குள் போய்க் கறுத்த பிறகு அது எனக்குத் திராட்சையாகவே தெரியவில்லை. நான் ஆறு, அவன் நாலு. தாளையெல்லாம் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தட்டு ஒன்றுதான் மிச்சம், அதைத் துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் செருகினேன்.

பலகாரத் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்று உன் அம்மா முதல் நாளே டீச்சருக்காக முறுக்குச் சுட்டு வைத்திருந்தாள். நாலு மணிக்கு வந்தவள், டீச்சர் வீட்டுத் தட்டு வந்துச்சா என்று கேட்டாள். இன்னும் வரலையே என்று வாய் கூசாமல் சொன்னேன். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது, இத்தன வருஷப் பழக்கம், இந்த வருஷம் நம்மள மறந்துட்டாங்களா, நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா என்று முறுக்கு டப்பாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ராத்திரி தூங்கினால் மறந்துவிடுவாள், நாளைக்குத் தட்டை எப்படியாவது கழுவி நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன், அறுபத்து நாலு வயதில் எனக்கு வேறு வேலை இல்லை பார்.

ஐந்தரை மணி இருக்கும், கிச்சாப் வாந்தி எடுத்தான். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு எழுந்து நிற்கவே கால் நடுங்கியது, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினான். அவனைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆயர் குரோவுக்கு ஓட்டினேன், அவனை மடியில் வைத்துக்கொண்டு உன் அம்மா வழியெல்லாம் அழுதாள். டாக்டர் ஷங்கர் சின்ன வயதுதான், தன்மையான மனுஷன். என்ன சாப்பிட்டான் என்று கேட்டார். சோறும் கோழியும்தான் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் உன் அம்மா, எதுத்த வீட்டு நாகமுத்துதான் டாக்டர், நாய் கொரைக்குதுன்னு போன மாசம் சண்டைக்கு வந்தான், அவன்தான் எலி மருந்து வெச்சிருப்பான் என்று சொல்லிவிட்டாள். டாக்டர் அதை எழுதிக்கொண்டு எலி மருந்துக்கு உண்டானதைப் பார்க்கக் கிளம்பினார். நாகமுத்து பாவம், கோபக்காரன், ஆனால் ஒரு எறும்பை மிதிக்கவும் யோசிப்பவன். அவனை மாட்டிவிட மனம் வரவில்லை. டாக்டர், கொஞ்சூண்டு கேக் சாப்பிட்டான் என்றேன். என்ன கேக் என்றார். பிளம்ஸ், சுல்தானா என்று நான் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். எத்தனை துண்டு என்று கேட்டார். ஒன்று என்றேன். அப்போதும் ஒன்று என்றுதான் சொன்னேன் ஷாந்தினி, அவன் உயிர் மேஜை மேல் கிடக்கிறது, நான் என் மானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் என்னைப் பார்த்து, நெசமாச் சொல்லுங்க லா அங்கிள், பன்னெண்டு கிலோ நாய், ஒரு துண்டுன்னா ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவேன், கூடுதலாத் தின்னிருந்தா கிட்னி போயிரும், இப்பவே டிரிப் ஏத்தணும், வயித்துக்குள்ள என்னால எட்டிப் பார்க்க முடியாது, நீங்க சொல்றத வெச்சுத்தான் நான் வைத்தியம் பார்க்கணும் என்றார். முப்பது வருடம் செம்பனை எண்ணெய் ஆலையில் லோரி எடை போட்டவன் நான். பழக்குலைக்கு அடியில் மணலைப் போட்டு எடை கூட்டிய எத்தனை லோரிக்காரனைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பேன். அன்று என்னை நிறுத்த ஒரு நாய்க்கு வாந்தி வர வேண்டியிருந்தது. பத்துத் துண்டு வந்தது டாக்டர், ஆறு நான் தின்றேன், நாலு அவன் தின்றான் என்று உன் அம்மா பக்கம் திரும்பாமல் சொல்லிவிட்டேன். உன் அம்மா கத்தவில்லை. கிச்சாப்பின் தலையைத் தடவிக்கொண்டே, டாக்டர், இவருக்கும் ஏதாவது ஊசி இருந்தா போட்டுவிடுங்க என்றாள். நர்ஸ் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டது.

மிச்சம் மீதியையும் வாந்தி எடுக்க வைத்து இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள். கிறிஸ்மஸ் அன்று கிளினிக் லீவு, ஆனாலும் டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்தார், நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நீ கூப்பிட்டது அங்கேதான். பின்னால் வெள்ளைச் சுவர் தெரிகிறதே, வீட்டுக்குப் பெயின்ட் அடித்தீர்களா என்று நீ கேட்டாய், ஆமாம் என்றேன், பொய்க்குப் பொய் வட்டி. மூன்றாம் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கிட்னி சுத்தமா இருக்கு, தப்பிச்சான் என்றார் டாக்டர். நான் அங்கேயே அழுதுவிட்டேன், அதை மறைக்கவில்லை. உன் அம்மா டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி முறுக்கோடு தட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள், நான் நாகமுத்துவிடம் போய் அவன் மேல் பழி விழுந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் உள்ளே போய் எனக்குச் சீனி போடாத தேத்தண்ணீர் கொண்டுவந்தான், அதற்குள் செய்தி அவன் வீடு வரைக்கும் போயிருந்தது.

நாயின் கதை இத்தோடு முடிந்தது. இனி என்னுடையது. கிச்சாப்பை வீட்டில் இறக்கிவிட்ட மறுநாள் காலை உன் அம்மா என்னைக் கேட்காமலேயே அரசாங்கக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள். நான் இரண்டு தடவை அங்கே போக வேண்டிய தேதியைத் தவறவிட்டிருக்கிறேன், அது உனக்குத் தெரியாது. நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் சுகர் எவ்வளவு அப்பா என்று கேட்பாய், நானும் ஆறு என்று சொல்வேன், ஆறு மாதமாக நான் விரலைக் குத்திப் பார்க்கவே இல்லை. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், பேப்பர் நேற்று வந்தது. சுகர் பதினாலு, இருக்க வேண்டியது ஆறு. கிட்னி கொஞ்சம் பழுதாக ஆரம்பித்திருக்கிறது. திராட்சை தின்ற நாய் பாஸ், நான் ஃபெயில். ஆரம்பம்தான், வாயைக் கட்டி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் நிறுத்தி வைக்கலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னார்கள். தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள், தேத்தண்ணீரில் இருந்து ஒளித்துத் தின்கிற கேக் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். உன் அம்மா பக்கத்திலேயே இருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் என்னைத் திட்டவில்லை, எனக்குத் தெரியாமல் சமையலறையில் நின்று அழுதாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறதம்மா. அதற்காக நீ டிக்கெட் கிக்கெட் போட்டு ஓடி வராதே, அவசரம் ஒன்றுமில்லை, சித்திரையில் லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். மாரியம்மன் உனக்கு நல்ல உடம்பையும் நல்ல மனுஷர்களையும் கொடுத்துக் காப்பாற்றட்டும். அங்கே பனி கொட்டுகிறது என்றாயே, காலுக்கு இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொண்டு போ, அங்கே உப்புக் கொட்டுகிற ரோடு நிஜமாகவே வழுக்குமாம். இது கையில் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் சுகர் எவ்வளவு என்று கேள், நான் சொல்வதை நம்பாதே, மிஷினைக் கேமராவுக்குக் காட்டச் சொல். எட்டு மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு உன்னாலும் என் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஒரு நாயைக் காப்பாற்ற டாக்டரிடம் உண்மையைச் சொன்ன நான், என்னைக் காப்பாற்ற நீ இத்தனை நாளாகக் கேட்டும் சொல்லவில்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா
மருதமுத்து