ஏலம் போகாத பூசணி

அண்ணி,

எத்தனை தண்ணீர் விட்டு அலசினாலும் இந்தச் சிவப்புச் சோப்பின் வாசம் கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எனக்கு இது என்றைக்குமே பிடித்ததில்லை. வைத்தியசாலையிலிருந்து நீங்கள் திரும்பும்போது உங்களுக்கு முன்னால் இந்த வாசம் வீட்டுக்குள் நுழையும். நான் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைப்பேன். இன்று அதே வாசம் என் கையில். அது போகட்டும். எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. நேற்று ஆலயத்தில் பெரிய மூப்பர் எழுந்து நின்று, நீங்கள் வாழ்ந்த வாழ்க்கை கர்த்தருக்கு ஒரு சுகந்த வாசனை என்று பேசினார்.

சுகந்த வாசனையாம்! உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் தன் வீட்டுக்காரிக்குத் தலைவலி வருகிறது, பெருவியாதிக்காரர்களைத் தொட்டுவிட்டு வருகிறவர் கடைசிப் பாயில் உட்காரட்டும் என்று ஆள் விட்டுச் சொன்னவர் இவர்தானே? தன் மாங்காய் மண்டியில் பேசுகிற அதே தோரணையில் நேற்று உங்களைப் பற்றிப் பேசினார். உங்கள் பெயரைக் கல்லில் வெட்டி ஆலயச் சுவரில் பதிக்கப் போகிறார்களாம். குடும்பத்தின் சார்பில் நான் எழுந்து நன்றி சொல்ல வேண்டுமாம். நானா நன்றி சொல்வேன்? நீங்கள் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள், அதுவும் எனக்குத் தெரியும்.

உங்கள் சிரிப்போடுதான் நமக்குள் சண்டையே ஆரம்பித்தது. சானமாவுக் காட்டோரத்துத் தெலுங்குக் குடும்பத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கு மருமகளாக வந்து இறங்கினீர்கள். வந்த அன்றைக்கே என்னைப் பார்த்து, "அம்மாயி, இட்லா ரா" என்று கையசைத்துக் கூப்பிட்டீர்கள். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய எங்களுக்கு அம்மாயி என்றால் அம்மாவைப் பெற்றவள். நானோ கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். உங்கள் வயதுதான் எனக்கும். என்னைப் பார்த்துக் கிழவி என்கிறாளே என்று கொதித்துப்போய், யாரைப் பார்த்து என்ன சொல்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்தேன். உங்கள் பாஷையில் அது சின்னப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல் என்று அண்ணன் நடுவில் வந்து விளக்க வேண்டியதாயிற்று. நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கடைசிவரை என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவும் இல்லை.

அந்த நாட்களில் எனக்கும் கடவுளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஊர் வாய்க்குப் பயந்து ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போவேன், அவ்வளவுதான். பக்கத்தில் நீங்கள் தமிழ்க் கீர்த்தனையில் பாதிக்குத் தெலுங்கைக் கலந்து, ராகத்தை முன்னே பின்னே இழுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி பாடுவீர்கள். முன்பாயில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும். குழந்தை இல்லை என்று என் அம்மா உங்களைக் குத்திக் குத்திப் பேசிய பேச்சுக்கு நானாக இருந்தால் கிணற்றில் குதித்திருப்பேன், இல்லை, அம்மாவைத் தள்ளியிருப்பேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒருநாள் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் தேம்பித் தேம்பி அழுதீர்கள். நான் பார்த்தேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ராகி மாவைக் கிளறிக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டீர்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. எப்படி உங்களால் முடிகிறது, வெட்கமாக இல்லையா என்றே கேட்டுவிட்டேன்.

"அழுவாச்சி வந்துச்சு, அழுதுட்டேன் அம்மாயி. அதுக்காவ கர்த்தரு என்னெ விட்டுட்டுப் போயிட்டாரா? இல்லியே. அப்புறம் என்னா?" என்றீர்கள்.

அவ்வளவுதானா என்று தோன்றியது எனக்கு. இவ்வளவு சுலபமாக ஒருத்திக்குக் கிடைத்தது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று உங்கள் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

பிறகுதான் மலையடிவாரத்து வைத்தியசாலையில் பெருவியாதிக்காரர்களுக்குப் புண் கழுவிக் கட்டுக் கட்டப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். வீட்டில் பெரிய ரகளை. அம்மா உங்கள் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்தாள். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காதது அவனுக்குக் கைவந்த கலை. உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு வர என்னைத்தான் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், தொட்டித் தண்ணீரில் ஊறிய ஒரு காலை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். திருவிருந்தில் அப்பம் வாங்கக் கை நீட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. நான் சண்டை போட நினைத்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோய், வாசலிலேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து, கூப்பிட்டேன், வரமாட்டார்களாம் என்று பொய் சொன்னேன்.

மல்லம்மாவை நான் அங்கேதான் பார்த்தேன். நாட்றாம்பாளையத்துக்கு அப்பால் மலையிலிருந்து வந்தவள், கன்னடம் பேசுகிறவள். உடம்பில் குஷ்டத்தின் தேமல் தெரிந்ததுமே புருஷன் வீட்டார் அடித்து விரட்டிவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டு நோய் அடங்கிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரே சொல்லியாயிற்று. மடங்கிப்போன விரல்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. நீங்கள் சொல்லிக்கொடுத்த பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆலயத்தில் பெண்கள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு ஆராதனையைக் கேட்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: உள்ளே வந்து, எல்லாரோடும் பாயில் உட்கார்ந்து பாட வேண்டும்.

நீங்கள் போதகரைக் கேட்டீர்கள். அவர் மூப்பரைக் கேட்கச் சொன்னார். மூப்பர், பார்க்கலாம் என்றார். அவருடைய 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்பது மண்டிக்கு மாங்காய் போடுகிற எல்லாருக்கும் தெரியும். அப்போதுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்தது. அறுப்பின் பண்டிகைக்கு மல்லம்மாவும் தன் விளைச்சலின் முதற்பலனைக் கொண்டுவரட்டும் என்றீர்கள். வைத்தியசாலை வேலியில் அவள் போட்டிருந்த பூசணிக் கொடி அப்போது நன்றாகக் காய்த்திருந்தது. "காணிக்கையெ வாங்கிக்கினு ஆளெ வெளிய நிக்க வெப்பாங்களா? முடியாது பாரு" என்று எனக்குச் சவால் விட்டீர்கள்.

பாவம், உங்களுக்கு மனிதர்களைத் தெரியவில்லை.

பண்டிகை அன்று வழக்கம்போலப் பீடத்துக்கு முன்னால் ராகிக் கதிர், அவரை, துவரை, தேங்காய், கோழி, முட்டை எல்லாம் குவிந்தன. ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தல் போட்டு அந்தக் காணிக்கைகளை ஏலம் விடுவார்கள். கூவுகிறவன் என் அண்ணன்தான். அவனுடைய கட்டைக் குரலுக்காகவே வருஷா வருஷம் அவனை நிறுத்துவார்கள். ஒரு முட்டைக்கு இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றிவிடுவதும், ஜனங்கள் கைதட்டுவதும் ஒரே கலகலப்பாக இருந்தது. அண்ணன் அந்தப் பூசணியைத் தூக்கினான். நல்ல பெரிய காய். யாருடையது என்று கேட்டான். பெண்கள் பக்கத்திலிருந்து நீங்கள் எழுந்து, மல்லம்மாவினுடையது என்று கணீரென்று சொன்னீர்கள்.

அண்ணன் ஒரு தரம் என்றான். யாரும் கேட்கவில்லை. மூப்பர் தொண்டையைச் செருமினார். அண்ணன் அவரைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான். இரண்டாம் தரம் சொல்லாமலே காயை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, அடுத்து கோழி என்றான். வேப்பமரத்தடியில் மல்லம்மா நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. ஆனால் அதைப் புரிந்துகொள்ளத் தமிழ் எதற்கு?

நீங்கள் ஆண்கள் பக்கம் நடந்துபோய், மேஜைக்கு அடியில் குனிந்து, அந்தக் காயை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டீர்கள். நேராகச் சமையல் அடுப்புக்குப் போனீர்கள். பண்டிகை விருந்துக்குப் பெரிய அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இது மல்லம்மா கொடுத்தது, குழம்பில் போடுகிறேன், பிரியப்பட்டவர்கள் சாப்பிடலாம் என்று எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டு, அரிந்து போட்டீர்கள். யோசித்துச் செய்தீர்களா, உங்களுக்கும் கோபம்தான் வந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபமாக இருந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

ஒருவர் பின் ஒருவராக எழுந்து போனார்கள். பிள்ளைகள் பசிக்கிறது என்று அழ அழ இழுத்துக்கொண்டு போனார்கள். போட்ட இலையெல்லாம் போட்டபடி கிடந்தது. போதகருக்கு அவசரமாக எங்கேயோ ஜெபக்கூட்டம் வந்துவிட்டது. மல்லம்மா அழுதுகொண்டே, தான் போய்விடுவதாகச் சொன்னாள். எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, அவள் தோளை அழுத்தி உட்கார வைத்து, பக்கத்து இலையில் நானும் உட்கார்ந்தேன். அன்பு ஒன்றும் இல்லை அண்ணி, பொய் சொல்ல மாட்டேன். எழுந்து போன ஒவ்வொரு முதுகையும் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு தின்றேன். நீங்கள் என் இலையில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினீர்கள்.

"கோவத்துல தின்னாலும் வயிறு நெறையும். தின்னு."

மிச்சமிருந்த அண்டாக்களை வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வண்டியை ஓட்டியது அண்ணன். அங்கே நடந்ததுதான் பண்டிகை. விரல் இல்லாதவர்கள் உள்ளங்கையால் சோற்றை அள்ளினார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரே பாட்டை அவரவர் இஷ்டத்துக்குப் பாடினார்கள். நீங்கள் நடுவில் ஓடி ஓடிப் பரிமாறினீர்கள். காலையில் அத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டவள் என்று உங்கள் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்லியிருக்க முடியாது. இது நடிப்பில்லை, இவளிடம் யாரும் பிடுங்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் அழுகை வந்தது. புகை கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அதிக காலம் இருக்கவில்லை. காமாலைதான். டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஊர் மட்டும் பெருவியாதி ஒட்டிக்கொண்டது என்று பேசியது. அடக்கத்தன்று வைத்தியசாலையிலிருந்து நடந்து வந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. உங்கள் கைபட்டு ஆறிய கைகள் உங்கள் பெட்டியைத் தொடக் கூடாதாம். மதிலுக்கு வெளியே நின்று பாடினார்கள். உள்ளே போதகர் வாசித்த எதுவும் என் காதில் விழவில்லை. ஏன் இவளை எடுத்துக்கொண்டாய், எழுந்து போன முதுகுகள் இத்தனை இருக்க இவள்தானா கிடைத்தாள் என்று நான் கடவுளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவரோடு நான் பேசியது அன்றைக்குத்தான். அடுத்த வாரமே உங்கள் தொட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். உங்களைப்போல எனக்குப் பாட்டும் வராது, சிரிப்பும் வராது. காலைத் தரையில் தேய்க்காதே என்று எத்தனை தடவை சொல்வது என்று திட்டிக்கொண்டேதான் கட்டுக் கட்டுகிறேன். அவர்களுக்கு என் திட்டு பழகிவிட்டது.

நேற்று மூப்பர் பேசி முடித்து என்னைக் கை காட்டினார். எழுந்தேன். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் பெண்கள் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனேன். வேப்பமரத்தடியில் மல்லம்மா இருந்தாள். உள்ளே வா என்றேன். பயந்துபோய் மாட்டேன் என்றாள். அவள் கையைப் பிடித்தேன். பிடித்த பிடியில் அவளுக்கு வலித்திருக்கும். உள்ளே அழைத்துவந்து, முன்பாயில் உட்கார வைத்து, அவள் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

"எங்க அண்ணிக்குக் கல்லு வேணாம். அவங்க எடத்துல ஆளு உக்காந்தாச்சு."

சிலர் எழுந்து போனார்கள். மூப்பரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை. அண்ணன் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. உங்கள் புருஷன், நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். போதகர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு பாட்டைச் சொன்னார். மல்லம்மா புத்தகம் இல்லாமலே முதல் அடியை எடுத்தாள்.

நீங்கள் விட்டுப்போன வேலை என்னிடம் இருக்கிறது. கோபமும் இருக்கிறது, அதை விடுவதாக இல்லை. ஆனால் நேற்று இரண்டாம் சரணத்துக்கு முன்னால் மல்லம்மா என் பக்கம் சாய்ந்து, "கோபானா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் மடங்கிய விரல்களை என் கைமேல் வைத்து, "நனகெ சந்தோஷ" என்றாள்.

கன்னடம் எனக்கு அரைகுறைதான். ஆனால் சந்தோஷம் இந்த ஊரின் மூன்று பாஷையிலும் ஒன்றுதான்.

எனக்கும்தான் என்றேன், அண்ணி. கோபமாகத்தான் சொன்னேன்.