காமா நதிக்கரையில் போட்ட மேசை

என் ஆசை அண்ணனுக்கு,

இங்கே பர்மாவில், நம் மிங்கலா தாங்ஞுன்ட் வீட்டில் எல்லோரும் நலம் என்றுதான் எழுத வேண்டும். அம்மா மட்டும் இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ரயில் போகும்போது உன் கட்டில் பக்கத்து ஜன்னல் இப்போதும் நடுங்குகிறது.

உன்னை எரித்துச் சாம்பலைக் காமா நதியில் கரைத்துவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். தெரியுமா உனக்கு? நீ வேலை பார்த்த அந்தப் பிளைவுட் ஆலை ஊரில் எரிக்கும் இடமே கிடையாது. இங்கே கொண்டுவரவும் வழியில்லை. ருஷ்யர்கள் தங்கள் இடுகாட்டில், ஆற்றைப் பார்த்த ஓரத்தில் இடம் கொடுத்தார்கள். உறைந்து கிடந்த மண்ணை நெருப்பு மூட்டி இளக்கி, உன்னோடு வேலை பார்த்த ரினாத்தும் அவன் இனத்தாரான மற்றத் தத்தார்களும் குழி வெட்டினார்கள். நம் குடும்பத்தில் யாரையும் புதைத்ததில்லை. எரித்தார்களா என்று பெரியப்பா கேட்ட வேகத்தில், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் அம்மா உன் கருமாதிக்கு உட்கார்ந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா அம்மாவைப் பார்க்க வந்திருந்தார். ஊறிய தேயிலையும் வறுத்த பூண்டுமாக லப்பெ தட்டை நடுவில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது ரினாத் வீடியோவில் கூப்பிட்டான். அன்று உனக்கு நாற்பதாம் நாள். இறந்தவர் பெயரில் அங்கே எல்லோருக்கும் சாப்பாடு போடுகிற நாள் அது.

உன் மண்மேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டிருந்தான். கெட்டில், ரொட்டி, கறி அடைத்த பணியாரம், உனக்கென்று கறி இல்லாமல் ஒரு தட்டு. ஆலைக்காரர்கள் பனியில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். நான் இரண்டு வார்த்தை பேசுவேன் என்று காத்திருந்தார்கள்.

"தம்பி" என்றான் ரினாத். நீ சொல்லிக்கொடுத்ததுதானே?

பெரியப்பா எட்டிப் பார்த்தார். நான் போனை அணைத்துவிட்டேன்.

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"ராங் நம்பர்மா."

அண்ணே, உன்னையல்லவா ராங் நம்பர் என்று சொல்லிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகு பெரியப்பா சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரிக்கவும் செய்தேன்.

சாயங்காலம் ரினாத் ருஷ்ய மொழியில் எழுதி அனுப்பியதைப் போனிலேயே பர்மிய மொழிக்கு மாற்றிப் படித்தேன். சிக்னல் போய்விட்டது போலிருக்கிறது, தேநீர் ஆறும்வரை உனக்காக நின்றோம், பிறகு சாப்பிட்டோம், வருத்தப்படாதே என்று எழுதியிருந்தான். என் பழியைத் தூக்கிச் சிக்னல் மேல் போட்டுவிட்டான், பாவம். யாரோ ஒருவன் குளிரில் நின்று உன்னைத் தன் ஆள் என்கிறான். கூடப் பிறந்தவன் பெரியப்பாவுக்குப் பயந்து உன்னை மறைக்கிறான். நீ இருந்தால் திட்டியிருப்பாயா, சிரித்திருப்பாயா?

தத்தார்கள் ஐம்பத்தோராம் நாளும் சாப்பாடு போடுவார்களாம். வருகிற வியாழக்கிழமை. அதற்கு முன்னால் அம்மாவிடம் உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் அழட்டும், என்னை அடிக்கட்டும். பெரியப்பாவையும் அன்று வரச் சொல்லிவிட்டேன். வந்தாலும் சரி, பாதியில் எழுந்து போனாலும் சரி. ரினாத் கூப்பிடும்போது போனை அம்மா கையில் கொடுப்பேன். உன் மண்ணை அவள் கண்ணாரப் பார்க்கட்டும். இந்த முறை அணைக்க மாட்டேன் அண்ணே.

ரினாத் வாய் நிறையக் கூப்பிட்டும்
பதில் சொல்லாமல் போன
உன் தம்பி