சம்பந்தி கையில் கட்டிய வாட்ச்

தென்காசி,
12.7.2025

அன்பு மகள் யோகலட்சுமிக்கு,

அப்பா தாணுமாலயன் ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம். மாப்பிள்ளை கோமதிசங்கரையும் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிடம் போனில் பேசுகிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அந்தப் பத்து நிமிடத்தில் எட்டு உன் அம்மாவுக்குப் போய்விடுகிறது. தவிர, நான் சொல்லப்போவதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எதிர்வீட்டு மீனா நாளை மறுநாள் டொரண்டோ கிளம்புகிறாள். அவளிடம் கொடுத்துவிடுகிறேன். நீ மட்டும் தனியாகப் படி.

இந்த வருஷம் சாரல் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. துணி காய மூன்று நாள் ஆகிறது. அம்மாவின் முழங்கால் வலி இந்தக் குளிருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, பயப்படும்படி இல்லை. நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ மீனாவிடம் கொடுத்திருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமனார் வல்லிநாயகம் அண்ணாச்சியின் வாட்ச் கெட்டுப்போனது அவர் கவனக்குறைவால் அல்ல. என்னால்.

தை மாதம் நீ வந்தபோது அவருக்கு எழுபதாயிரம் ரூபாய் வாட்ச் கொண்டுவந்தாய். எனக்கு ஒரு ஸ்வெட்டர். தென்காசி வெயிலில் ஸ்வெட்டர்! அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதனால்தான் வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. அந்த வாட்ச்மேல்கூட எனக்கு அவ்வளவு ஆசை கிடையாது. அது அவருடைய நாடித்துடிப்பை எண்ணி உன் போனுக்கு அனுப்புகிறது, நீயும் உடனே அவரைக் கூப்பிடுகிறாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலையில் நாங்கள் இருவரும் நடக்கப் போகும்போது கோயில் வாசல் தாண்டுவதற்குள் உன் அழைப்பு வந்துவிடும். பேசி முடித்துவிட்டு, "மருமக கேக்குதா அண்ணாச்சி, நேத்து ஏன் சரியா தூங்கலன்னு. அங்கன இருந்துக்கிட்டே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிருதா" என்பார். அவருக்கு வாயெல்லாம் பல். நான் தூங்கினேனா என்று கேட்க இந்த ஊரில் உன் அம்மா ஒருத்திதான். அவளும் என் குறட்டையைத் திட்டுவதற்காகக் கேட்பாள்.

அவரைப் பெற்றவர் போலவும் என்னைப் பக்கத்து வீட்டுக்காரன் போலவும் நீ நடத்துகிறாய் என்று நான் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தேன். ஐந்து மாதம் புழுங்கினேன்.

முப்பத்திரண்டு வருஷம் பம்புசெட்டும் கிரைண்டரும் விற்றவன் நான். மோட்டார் எரிந்துபோய்த் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "லோ வோல்டேஜ் கண்டிஷன்ல வராது" என்று வாரண்டி அட்டையைத் திருப்பிக் காட்டியே காலம் தள்ளியவன். அதனால்தான் வாட்ச் பெட்டியில் இருந்த புத்தகத்தை அண்ணாச்சி என்னிடம் தந்து, "நீங்க படிச்சுச் சொல்லுங்க, எனக்கு இந்தப் பொடி எழுத்து ஓட மாட்டேங்குது" என்றார். நான் எப்போதும் கடைசிப் பக்கத்தை முதலில் படிப்பவன். ஐம்பது மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் புகாது என்று முன்னால் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது சும்மா நிற்கிற தண்ணீருக்கு மட்டும்தான், வேகமாக விழும் தண்ணீரும் எண்ணெயும் படக்கூடாது, அப்படிக் கெட்டால் வாரண்டி கிடையாது என்று பின்னால் இருந்தது. ஐம்பது மீட்டரை மட்டும் அவரிடம் சொன்னேன். மற்றது வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

போன மாதம் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துவிடும் மணிமுத்து அவரை உட்கார வைத்து, "வாட்ச்சைக் கழத்திருங்க அய்யா" என்றான். அவரும் வாரில் கை வைத்தார். நான்தான், "கழத்தாண்டாம் அண்ணாச்சி, அம்பது மீட்டருக்கே ஒண்ணும் ஆகாதாம், இது என்ன அருவித் தண்ணிதானே" என்றேன். தோளிலிருந்து விரல்வரை நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்தான். அப்படியே போய் அருவிக்கடியில் அரைமணி நேரம் நின்றார். தலைமேல் விழுகிற தண்ணீரைத் தாங்க இரண்டு கையையும் தூக்கிப் பிடித்திருந்தார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று குளிக்கவே தோன்றவில்லை.

மறுநாள் வாட்ச் கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. சாயந்திரம் அணைந்தது.

திருநெல்வேலி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனவனும் நான்தான், வாரண்டி விவரம் தெரிந்தவன் என்று. வருஷம் முடியவில்லை, மாற்றித் தாருங்கள், கை கழுவியதைத் தவிர தண்ணீரே படவில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். அங்கிருந்த பெண் அதைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "குற்றாலமா சார்? உள்ள எண்ணெய் இருக்கு. சீசன் வந்தா வாரத்துக்கு நாலு பேர் இப்படித்தான் வாராங்க" என்று சிரித்தாள். பிறகு, கண்டிஷனில் வராது என்று அட்டையைத் திருப்பிக் காட்டினாள்.

அண்ணாச்சி என் பெயரை உங்களிடம் சொல்லவே இல்லை. தான் மறந்துபோய்க் கட்டிக்கொண்டு குளித்ததாகச் சொன்னார். நீ போனில் அவரை, இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோமே மாமா, சின்னப்பிள்ளையா நீங்கள் என்று சத்தம் போட்டபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரிம்மா சரிம்மா என்றார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். திட்டுவதற்குக்கூட என் மகளுக்கு இவர்தான் வேண்டியிருக்கிறது என்றுதான் தோன்றியது. என்ன பிறவியோ நான்.

இப்போது பயப்படாமல் மேலே படி. போன செவ்வாய்க்கிழமை நடந்துகொண்டிருக்கும்போது அவருக்கு வியர்த்துக் கொட்டி, ஒரு கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். நாடி தாறுமாறாக ஓடியிருக்கிறது. சில நாளாகவே இப்படி இருந்திருக்கும், எப்படிக் கவனிக்காமல் விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். வாட்ச் இருந்திருந்தால் கவனித்திருக்கும், நீயும் கவனித்திருப்பாய். நீ அவரைக் கூப்பிடுவது நாலு நாளாவது நிற்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நெஞ்சைப் பற்றி நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

ஒருநாள் படுக்கையில் வைத்திருந்து மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். "பிள்ளைகளுக்குத் தெரியாண்டாம், பதறிருவாங்க" என்று என்னிடம் கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஐந்தருவியில் நான் சொன்னது தப்பு, தெரிந்தேதான் சொன்னேன் என்று அவரிடமும் ஒப்புக்கொண்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி, உங்க முகமே சரியில்ல" என்றார். மறுநாள் காலையில் வழக்கம்போல நம் வீட்டு வாசலில் வந்து கூப்பிட்டார்.

டாக்டர் எனக்கு நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காலையில் நடக்கக் கிளம்புமுன் அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுகிறேன். இன்று எழுபத்தாறு. இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தபிறகு, தினமும் காலையில் அந்த எண்ணை நானே உனக்குப் போனில் சொல்கிறேன்.

இதிலும் ஒரு கெட்ட எண்ணம் எட்டிப் பார்க்கிறது, யோகா. புது வாட்ச் வரத் தாமதமானால் அத்தனை நாளும் உன் குரலைக் கேட்கலாமே என்று. அதனால், படித்த கையோடு அவருக்கு ஒன்று வாங்கி அனுப்பிவிடு. விலை என்னுடையது. மாப்பிள்ளையிடம் எதைச் சொல்ல வேண்டுமோ நீயே பார்த்துச் சொல்.

குலதெய்வம் உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். மாமா உன்னை மகளாகத்தான் நினைக்கிறார், அவரைத் திட்டாதே.

அந்த வாட்ச் வந்து அவர் கையில் ஏறிவிட்டால், உனக்குச் சொல்ல என்னிடம் எண் ஒன்றும் இருக்காது. அப்போதும் காலையில் நான் கூப்பிட்டால் எடுப்பாயா அம்மா?

உன் அப்பா,
தாணுமாலயன்