வெள்ளைச் சேலையும் ஜாம்பியாத் தொப்பியும்

தி.நகர்,
18-4-77

சௌபாக்கியவதி ஜெயபாரதிக்கு, உன் சித்தப்பா நல்லசிவம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம்; உன் அம்மா மட்டும் இன்று காலையிலிருந்துதான் நலம். அங்கே ஜாம்பியாவில் நீயும் குழந்தையும் மாப்பிள்ளையும் நலம்தானே, முக்கியமாக மாப்பிள்ளை? அவரை ஒரு தடவை கிள்ளிப் பார்த்துவிட்டு மேலே படி. நான் எழுதப் போவதை எந்த மனிதனும் நம்பமாட்டான். சாயம் போகாது என்று நான் சொல்வதை நம்பி நம் கடையில் துணி எடுக்கிறவர்கள்கூட நம்பமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உன் கவரை அம்மா பிரித்ததும், கடிதத்துக்கு முன்னால் போட்டோ நழுவி மடியில் விழுந்தது. அதில் நீ, தலை முதல் கால் வரை வெள்ளை. கரைகூட இல்லாத வெள்ளைச் சேலை, வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி. தொப்பியின் நிழலில் நெற்றிப் பொட்டு தெரியவில்லை. கையில் ஒரு கறுப்பு உருண்டை, அது யார் கண்ணிலும் படவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். மகளே, நம் வீட்டில் யாருக்கும் வேறென்ன தோன்றும்? ஐயோ, என் பிள்ளைக்கும் என் கதியா என்று மதினி போட்ட சத்தத்தில் உஸ்மான் ரோடு காக்கைகள் சைதாப்பேட்டைக்குக் குடிபோயின, மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் தானாக நின்றது. அடுத்த வீட்டு முத்துலட்சுமி யார் என்ன என்று கேட்காமலே மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள். கடையிலிருந்து நான் ஓடிய ஓட்டத்தில் பனகல் பார்க் மரங்கள் கொஞ்ச தூரம் என் பின்னாலேயே வந்தன. செருப்பைக்கூட மாட்டவில்லை, மகளே. அந்த மாப்பிள்ளையைப் பார்த்துக் கட்டி வைத்தவன் நான் அல்லவா.

கடிதம் கட்டிலுக்கடியில் கிடந்தது, எடுத்து உரக்கப் படித்தேன். போட்டோ எடுத்ததே அவர்தான் என்று நீ எழுதியிருந்த வரி வந்ததும், செத்தவர் எழுந்து வந்து போட்டோ எடுப்பாரா மதினி என்று கேட்டேன். முத்துலட்சுமிக்கு அழுகையைப் பாதியில் நிறுத்த முடியவில்லை, அப்ப யாருதான்யா போயிட்டாங்க என்று என்னையே அதட்டினாள். மேலே படித்தால் இரண்டாவது இடி. கிளப்புக்கு டீ குடிக்கப் போனவள், யாருக்கோ ஜுரம் என்று அவள் இடத்தில் புல்தரையில் அந்தக் கறுப்புப் பந்தை உருட்டி விளையாடினாயாம், அப்படியே ஊர் அணியாம், இப்போது ஜாம்பியா தேசத்துக்காக இங்கிலாந்து போய் உருட்ட வேண்டுமாம்! பந்து நேராகப் போகாமல் வளைந்து போய் ஒரு சின்ன வெள்ளைப் பந்தின் அருகில் நிற்க வேண்டுமாம். அதில் எனக்கு அதிசயமில்லை, கடைக்கு அனுப்பினால் நீ என்றைக்கு நேராகப் போயிருக்கிறாய்? வெள்ளைதான் அந்த ஆட்டத்தின் விதி, அதனால் அம்மா மனம் கோணாதபடி கவுன் வேண்டாம் என்று அடம்பிடித்துச் சேலைக்கு அனுமதி வாங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சேலைதான் அம்மாவின் உயிரை உலுக்கிவிட்டது. உருட்டினது போதும், அந்த வெள்ளையை அவுத்துப் போடச் சொல்லுங்க தம்பி, நான் கட்டினது பத்தாதா என்றார். அம்மா சம்மதித்தால்தான் போவேன் என்ற உன் கடைசி வரியைப் படித்தேன். போட்டோவை என் கையில் திணித்துவிட்டார்.

இன்று காலை அவரே போட்டோவைக் கேட்டு வாங்கி ஜன்னலோரம் வைத்துப் பார்த்தார். பிரசவத்துக்கப்புறம் இடுப்பு வலின்னாளே, இப்ப எப்படி நல்லாக் குனிஞ்சு நிக்கா பாருங்க என்றார். பிறகு பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழைத் திறந்தார். எழும்பிய செந்தூளில் பாண்டி பஜார் முழுதும் சிவந்து, பஸ்கள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஓடின. போகச் சொல்லுங்க தம்பி, ஜெயிச்சுட்டு வரச் சொல்லுங்க என்றார்.

போய் வா மகளே, முருகன் துணை இருப்பான். ஒன்று மறக்காதே, அடுத்த போட்டோவில் தொப்பியைக் கொஞ்சம் ஏற்றி வை.

காக்கை, ரயில், மரம், சிவந்த பஜார் எல்லாம் என் கைச்சரக்கு. குங்குமத்தில் மட்டும் ஒரு விரல் நுனி அளவு உண்மை. அண்ணன் போனதிலிருந்து சிமிழைத் தொடாதவர், இன்று தொட்டு உன் போட்டோ நெற்றியில் வைத்தார். எடுத்துப் பார்த்தேன், என் விரலிலும் ஒட்டியது.

இப்படிக்கு, உன் சித்தப்பா
நல்லசிவம்