நீர் கெட்ட கதை

கொழிஞ்சாம்பாறை
3.2.2025

சம்பந்தி சங்கையா அவர்களுக்குக் குப்பண்ணன் வணக்கம்.

போன் என்றால் குறுக்கே பேசுவீர்கள். அதனால் கடிதம்.

முட்டி வலிக்கு என் ரத்தத்தையே எடுத்து மிஷினில் சுழற்றி, அதில் தேறுவதை முழங்காலில் ஊசியாகப் போடுவதாக இருந்தது. சோதித்த டாக்டர், "ரத்தத்தில நீர்க்கெட்டு உண்டு, இப்போ ஊசி வேண்டா" என்றார். எனக்கா மலையாளம் தெரியாது? நீர் கெட்டிருக்கிறது! பேத்தியைப் பார்க்க வந்து பொங்கலுக்கு மறையூரில் நாலு நாள் குடித்தேனே, அந்தத் தண்ணீர்தான். சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

பேர் வைக்க அங்கே வரமாட்டேன். மருமகளையும் குழந்தையையும் உடனே இங்கே அனுப்பவும்.

இப்படிக்கு,
குப்பண்ணன்

மறையூர்
7.2.2025

சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து என் மகள் யோகப்பிரியா அழுதாள். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நான் எங்கப்பா போவேன்?" என்கிறாள். நான் அழவில்லை, கத்தினேன். என் கரும்பு குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். அதில் காய்ச்சிய வெல்லத்தை நாலு நாளில் மூன்று கிலோ தின்றீர்களே, அப்போது கெடவில்லையா?

குழந்தை வராது. பேரை நானே வைத்துக்கொள்கிறேன்.

சங்கையா

மறையூர்
12.2.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

கோபம் ஆறவில்லை. ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. இங்கே லேபில் வேலை செய்யும் ஜோஜோவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "நீர்க்கெட்டுன்னா தண்ணி கெட்டதில்ல சேட்டா, அழற்சி! உடம்புல எங்கயோ புண் இருக்கு, அது ரத்தத்துல தெரியுது. அந்த ரத்தத்துல எடுத்தா ஊசியோட அதுவும் முட்டிக்குள்ள போகும்" என்றான். எனக்குச் சட்டென்று விளங்கியது. அழுக்கு எடுக்காத பாகை உருட்டினால் உருண்டையிலும் அழுக்குதானே?

நாற்பது வருடம் கேரளத்து ரேஷன் வாங்கியும் இந்த ஒரு வார்த்தை தெரியவில்லையே உங்களுக்கு!

ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வெல்லத்தை வலது பக்கமாகவே கடித்தீர்கள். இடது கடைவாயை யாரிடமாவது காட்டினீர்களா?

சங்கையா

கொழிஞ்சாம்பாறை
5.3.2025

அன்புள்ள சம்பந்திக்கு,

பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. வேரில் சீழ். என் வீட்டுக்காரி சரஸ்வதியம்மாள், "ஏனுங்க, ரெண்டு வருசமா இதைத்தானுங்க நானும் சொன்னேன்!" என்று வீடே இடியும்படி கத்தினாள். தலையை ஆட்டினேன். வாயில் பஞ்சு.

நேற்று மறுபடி ரத்தம் பார்த்தார்கள். நீர்க்கெட்டு இறங்கிவிட்டது. பேர் வைப்பு முடிந்த மறுவாரம் ஊசி.

தப்பு என்னுடையது. குழந்தையைத் தூக்கக்கூட முடியாமல் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். ஊரெல்லாம் சொன்னதை வீடு வீடாகப் போய்த் திருத்திச் சொல்ல இந்த முட்டி விடாது. பேர் வைக்கப் பதினாறாம் தேதி ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வருகிறேன். காப்பி வேண்டாம். வாசலில் ஒரு சொம்பு உங்கள் ஊர்த் தண்ணீர் வையுங்கள். எல்லாரும் பார்க்கக் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவேன்.

படியேற மட்டும் ஒரு கை கொடுங்கள்.

உங்கள்
குப்பண்ணன்