ஜனவரி மாதத்தில் என் கொல்லையில் தெரியும் பச்சைப் புல் குறித்து

அனுப்புநர்
க்ளோடெட் ராபிடோ (வயது 68),
ஆல்டர் ஓடைச் சாலை,
பிட்மன் கார்னர்ஸ்,
நியூயார்க் மாநிலம்.

பெறுநர்
நிர்வாகக் குழுத் தலைவர் அவர்கள்,
ஊர் மன்றம்,
பிட்மன் கார்னர்ஸ்.

பொருள்: வெளிப்புற விறகுக் கொதிகலனின் குழாய்கள் தவறாகப் புதைக்கப்பட்டது – கட்டட ஆய்வாளர் வண்டியை விட்டு இறங்காமலே ஒப்புதல் அளித்தது – மான்களுக்குத் தீனி போடுவதாக என்மீதே அறிவிப்பு அனுப்பியது – நடவடிக்கை கோருதல்.

பார்வை: ஆய்வாளரின் அறிவிப்பு, நாள்: ஜனவரி 12.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் லியோன் நாற்பது ஆண்டுகள் மர அறுவை ஆலையில் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்தவர். வீட்டுக்குள் புகையே கூடாது என்று மருத்துவர் சொன்னதால், கூடத்திலிருந்த விறகடுப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொல்லையில் கொதிகலன் வைத்தோம். விறகு வெளியே எரியும். சூடான தண்ணீர் மண்ணுக்கடியில் நூற்றிருபது அடி ஓடி வந்து வீட்டைச் சூடாக்கும். ஏற்பாடு இவ்வளவுதான். இதைக் கெடுக்கவும் தனித் திறமை வேண்டும். அது நம் ஊரில் இரண்டு பேருக்கு வாய்த்திருக்கிறது.

2. ஒருவர் குழாய் வேலை செய்யும் டுவேன் ஹெசெல்டைன். மற்றவர் தாங்கள் நியமித்த கட்டட ஆய்வாளர் மெர்ல் க்ராண்டல். டுவேனின் அக்காள் கணவர். வேலை நடந்தது அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை. மறுநாள் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அந்த வெள்ளிக்கிழமையில் நம் ஊரில் யாரும் ஓர் ஆணியைக்கூட நேராக அடிக்க மாட்டார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. தாங்களும் அன்று மதியமே ஊர் மன்றத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். அந்த நாளில் வேலைக்கு ஆள் வைத்தது என் மடத்தனம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

3. நான்கடி ஆழம் தோண்டுவதாகப் பேச்சு. முழங்காலுக்கும் எட்டாத பள்ளத்தைப் பார்த்து நான் கேட்டதற்கு டுவேன் சொன்னது: "இது போதும்மா. சூடு எப்பவும் மேலதானே வரும்? ஆழமா போட்டா உங்களுக்குத்தான் நஷ்டம்." இப்படி ஒரு விஞ்ஞானி குழாய் வேலைக்கு வந்தது நம் ஊரின் பாக்கியம். பிற்பகல் இரண்டு மணிக்குப் பள்ளம் மூடப்பட்டது. இரண்டேகால் மணிக்கு ஆய்வாளர் வந்தார். ஆரஞ்சு வேட்டைத் தொப்பி தலையில் இருந்தது. வண்டியின் கண்ணாடியை இறக்கி, "என்ன டுவேன், எல்லாம் ஓகேயா?" என்றார். "ஓகே மாமா" என்றார் இவர். இதுதான் ஐயா ஆய்வு. ஒப்புதல் சீட்டு ஜன்னல் வழியாகவே என் கைக்கு வந்தது.

4. நவம்பரில் பனி கொட்டியது. ஊர் முழுக்க வெள்ளை. என் கொல்லையில் மட்டும் கொதிகலனிலிருந்து வீடு வரை கோடு போட்டதுபோல் பச்சைப் புல். டுவேனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா, எவ்வளவு நல்லா வேலை செய்யுது!" என்று அந்தப் புல்லைப் படம் வேறு எடுத்துக்கொண்டு போனார். கொதிகலனை விட்டுக் கிளம்பும்போது நூற்றெண்பது டிகிரி ஃபாரன்ஹீட்டாக இருக்கும் தண்ணீர், வீட்டுக்கு வந்து சேரும்போது நூற்றுப் பத்து. குளிர்காலம் முழுமைக்கும் அடுக்கி வைத்த விறகு, கிறிஸ்துமஸுக்குள் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. படுக்கையறையில் ஐம்பத்து நான்கு டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை.

5. டிசம்பரில் லியோனுக்கு நிமோனியா வந்தது. இப்போது தேறிவிட்டார், மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார். வீட்டைப் பார்க்க வந்த செவிலி, அறை அறுபத்தெட்டு டிகிரி இருந்தால்தான் அனுப்புவோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜனவரி 31-க்குள் அது நடக்கவில்லையென்றால், மூன்று மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள நிரந்தரக் காப்பகத்துக்கு அவரை மாற்றிவிடுவார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

6. இதற்கிடையில் ஒன்பது மான்கள் என் கொல்லைக்குக் குடிவந்துவிட்டன. காலையில் புல்லை மேய்கின்றன. பிற்பகலில் குழாய்க்கு மேலேயே வரிசையாகப் படுத்துக்கொள்கின்றன. ஆய்வாளரும் டுவேனும் அவசர அவசரமாக ஓடிப்போய் மூன்று வாரம் காட்டில் உட்கார்ந்து, ஒரு மானின் வாலைக்கூடப் பார்க்காமல் திரும்பியது ஊரறிந்த கதை. அவர்கள் இங்கேயே இருந்து வேலையை ஒழுங்காக முடித்திருந்தால், மான்களும் காட்டிலேயே இருந்திருக்கும்.

7. மானுக்குத் தீனி போடுவது சட்டவிரோதம், உடனே நிறுத்துக என்று ஆய்வாளர் எனக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறார். இதற்கு மட்டும் வண்டியை விட்டு இறங்கி வந்து கதவில் ஒட்டினார். வெட்கம் என்பது அவர் குடும்பத்தில் யாருக்கும் இல்லை போலிருக்கிறது. தொலைபேசியில் லியோனிடம் இதைச் சொன்னபோது, சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. "மானெல்லாம் சொகமா படுத்திருக்குன்னா, என்னையும் கொண்டுபோய் அதுங்க நடுவுல போட்டுடு க்ளோடெட். அறுபத்தெட்டு டிகிரி அங்க இருக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை ஐயா. போனை வைத்துவிட்டு அழுதேன்.

8. குழாயை எடுத்துச் சரியாகப் போடச் சொல்லி ஆய்வாளரிடம் நேரில் கேட்டேன். "தரை இரும்பாட்டம் உறைஞ்சிருக்கு, மே மாசம் வரைக்கும் யாராலயும் தோண்ட முடியாது" என்றார்.

ஆகவே, அந்த ஒப்புதலை ரத்து செய்து, குழாயை நான்கடி ஆழத்தில், முறையான வெப்ப உறையோடு, டுவேன் அல்லாத வேறொருவரைக் கொண்டு ஜனவரி 31-க்குள் போட்டுத்தர உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். மான் அறிவிப்பை டுவேன் பெயருக்கு மாற்றித் தரவும்.

தரை உறைந்திருப்பதாக ஆய்வாளர் தங்களிடமும் சொல்லக்கூடும். இந்த ஊரில் உறையாத தரை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது அந்தக் குழாய்க்கு மேலே இருக்கிறது. லியோனின் உருளைக்கிழங்கு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேற்றும் இன்றும் நானே தோண்டினேன். கேக்கில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. பதினான்கு அங்குலத்தில் குழாய் வந்துவிட்டது. பார்சல் சுற்றும் கொப்புளத் தாளில் சுற்றி, ஓட்டை வடிகால் குழாய்க்குள் செருகியிருக்கிறார்கள். அதற்குள் வெதுவெதுப்பாகத் தண்ணீர் நிற்கிறது. படங்கள் இணைத்துள்ளேன்.

பன்னிரண்டு அடி தோண்டியாயிற்று. தாங்கள் ஆள் அனுப்பும் வரை நாளொன்றுக்கு ஆறடி வீதம் தோண்டுவேன். மண்வெட்டி இன்னொன்று கொட்டகையில் இருக்கிறது. ஆய்வாளர் வண்டியை விட்டு இறங்கினால் எடுத்துக்கொள்ளலாம்.

இடம்: பிட்மன் கார்னர்ஸ்
நாள்: ஜனவரி 19

வீட்டுக்குள் கோட்டும் கையுறையும் போட்டபடி எழுதும்,
(ஒப்பம்) க்ளோடெட் ராபிடோ